ஐஸ் பெட்டிக்காகப் போட்ட சாய்தளம்

என் மகளுக்கு ஒன்பது வயது ஆகும்வரை வண்டி எங்களுக்கு ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருக்கும் தரைத்தள வீட்டிலிருந்து சந்து முனை வரை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். ஒரு மஞ்சள் டாக்சியைக் கைகாட்டி நிறுத்தி, பின் சீட்டில் அவளைக் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொள்வேன். சக்கர நாற்காலியை டிரைவர் கூரைமேல் ஏற்றிக் கயிற்றால் கட்டுவார். அந்தப் பழைய அம்பாசிடரில் அவள், நான், சளி உறிஞ்சும் மெஷின், துணிப்பை எல்லாம் அடங்கிப்போகும். டிரைவர் போகிற வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவார். அவளும் கூடவே ஒரு சத்தம் எழுப்புவாள். அவளுக்குப் பேச்சு கிடையாது, ஆனால் குரல் இருந்தது.

ஏழாம் மாதத்தில் பிறந்தவள். பிறந்தபோது அழ மறந்துவிட்டாள் என்று என் அம்மா சொல்வாள். உண்மையில் மூச்சு வரத் தாமதமாகி மூளை அடிபட்டுவிட்டது. உட்கார முடியாது, கழுத்து நிற்காது, வலிப்பு வரும். விழுங்கினால் புரை ஏறிவிடும் என்பதால் வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். பால், கஞ்சி, வலிப்பு மருந்து எல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான். என் கணவருக்கு மத்திய அரசு வேலை. தூத்துக்குடியிலிருந்து இங்கே வங்காளத்துக்கு மாற்றலாகி வந்தபோது, பெரிய ஊர், பெரிய ஆஸ்பத்திரி, பிள்ளைக்கு நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அதுவரை போவது எப்படி என்பதை யாரும் சொல்லவில்லை.

பத்து வயதுக்கு மேல் அவள் முதுகு ஒரு பக்கமாக வளைய ஆரம்பித்தது. தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். டாக்சிக் கதவுக்குள் அவளை நுழைக்கும்போது இடுப்பு எலும்பு வலித்து அலறுவாள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இனிமேல் படுக்க வைத்துக் கொண்டுவராதீர்கள், வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும், அவளுக்கென்று செய்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியேதான் வர வேண்டும். சரி டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்தோம். வாசலுக்கு வந்த பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. நாற்காலியோடு ஏற இந்த ஊரில் என்ன வண்டி இருக்கிறது?

போனில் கூப்பிட்டால் வரும் கார்களில் டிக்கியைத் திறந்தால் கேஸ் சிலிண்டர் படுத்திருக்கும். நாற்காலியைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே திரும்பிப்போன டிரைவர்களும் உண்டு. பஸ்ஸில் சாய்தளம் இருப்பதாகச் சொல்வார்கள், ஆனால் பஸ் ஓரமாக வந்து நின்றால்தானே அதை இறக்குவதற்கு. ஆம்புலன்ஸில் படுக்கைதான். கடைசியில் நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றும் வேன் ஒன்று கண்ணில் பட்டது. தனியார் வண்டி. ஒரு தடவை போய்வர அவர்கள் கேட்ட வாடகைக்கு லேக் மார்க்கெட்டில் பத்து நாள் சாமான் வாங்கிவிடலாம்.

என் கணவர் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்குவதைப் பற்றியும் விசாரித்தார். ஹவுராவில் ஒரு பட்டறைக்காரர் தரையை வெட்டி இறக்கிச் சாய்தளம் பொருத்தித் தருவதாகச் சொன்னார். வண்டி விலையும் பட்டறைக் கூலியும் சேர்ந்து அவருடைய ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டியது. அலுவலகத்தில் கிடைக்கும் கடனை ஏற்கெனவே அவளுடைய முதல் ஆபரேஷனுக்கு வாங்கித் தீர்த்திருந்தோம். அன்று வீட்டுக்கு வந்து, நின்றபடியே இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

ஆகவே, அவள் எதற்கெல்லாம் வெளியே போகலாம் என்று நாங்கள் உட்கார்ந்து முடிவு செய்தோம். சிறப்புப் பள்ளி போனது. வாரம் இரண்டு முறை இருந்த பிசியோதெரபி மாதம் ஒன்றானது. பெரிய டாக்டருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் மாற்றுவதற்கும் மட்டும் அந்த வேன் என்று வைத்துக்கொண்டோம். ஒரு பிள்ளையின் உலகத்தை வண்டி வாடகைக்குத் தகுந்தபடி வெட்டினோம். அவள் இடுப்பு இறுகிப்போனதற்கு நாங்கள்தான் காரணம். வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

சொந்தக்காரர்கள் போனில் பேசுவார்கள். "எத்தன நாளைக்குத்தான் நீயும் இப்பிடிக் கெடந்து கஷ்டப்படுவ? ஆண்டவன் பாத்து சீக்கிரம் ஒரு வழி விடணும்" என்பார்கள். என்ன வழி என்று சொல்ல மாட்டார்கள். என் மகள் இரண்டு வயதைத் தாண்ட மாட்டாள் என்றார்கள், தாண்டினாள். ஐந்தைத் தாண்ட மாட்டாள் என்றார்கள், தாண்டினாள். ஒவ்வொரு பிறந்தநாளும் எனக்கு அவர்கள் முகத்தில் கரியைப் பூசுகிற நாள். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை வலிப்பு நிற்காமல் ஆறு மணி நேரம் அவள் துடித்தபோது, ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து நானும் அந்த வழியைத்தான் கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன். மறுநாள் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த நினைப்பு பக்கத்தில் வந்தாலே எழுந்துபோய் அவளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

போன வருடம் துர்கா பூஜை, சப்தமி காலை. பத்து மணி இருக்கும். அவளைத் துடைத்துச் சட்டை மாற்றும்போது வயிற்றுக் குழாய் முழுசாக என் கையோடு வந்துவிட்டது. உள்ளே அதைப் பிடித்து நிறுத்தும் சின்ன பலூன் கிழிந்துபோயிருந்தது. இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவள் முதுகு வளைவால் உள்ளே வழியும் வளைந்திருக்கிறது, நீங்களாக எதையும் நுழைக்காதீர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள், அதற்கு மேல் துளை தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி ஆபரேஷன். அவள் நுரையீரல் அதைத் தாங்குமா என்று அவரே யோசிப்பார்.

சாய்தள வேன்காரருக்குப் போன் போட்டேன். பூஜை ஐந்து நாளும் வண்டி பதிவாகிவிட்டது, நடக்க முடியாத பெரியவர்களைப் பந்தல் பந்தலாக அழைத்துப்போகிறோம் என்றார். எனக்கு அந்தப் பெரியவர்கள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவர்களும் வருடம் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அன்று எனக்கு அந்த நியாயமெல்லாம் தெரியவில்லை. என் கணவர் மூன்று இடத்தில் ஆம்புலன்ஸ் கேட்டார். தெருவெல்லாம் அடைத்திருக்கிறது, ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

எங்கள் சந்து முனையிலேயே கிளப்காரர்களின் பந்தல். கிளப் செயலாளரை எல்லாரும் தாதா என்பார்கள். இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது, அண்ணியைப் பௌதி என்று. விஷயம் காதுக்குப் போனதும் புது ஜிப்பாவோடு ஓடிவந்தார். அவர் வங்காளத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "பௌதி, நம்ம கிளப் வண்டி சும்மாத்தான் நிக்குது. சாய்தளம் இருக்கு. பிள்ளையை நாற்காலியோட ஏத்திரலாம். போலீஸ் எந்த இடத்துலயும் அந்த வண்டியை நிறுத்த மாட்டான். அரை மணி நேரத்துல கொண்டுபோய் விட்டுருவேன்."

கிளப் வண்டி என்று அவர் சொன்னது அமரர் ஊர்தி. ஒரு காலத்தில் அது ஆம்புலன்ஸாக இருந்ததாம். பராமரிக்க முடியாமல் போனதும், இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி வைத்து, தெருவில் யார் இறந்தாலும் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வண்டியாக மாற்றிவிட்டார்கள். பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி கனமானது, நாலு பேர் தூக்கினாலும் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பதால், ஹவுராவில் ஒரு பட்டறையில் சொல்லிப் பின்பக்கம் இரும்புச் சாய்தளம் ஒன்று செய்து பொருத்தியிருந்தார்கள். நாங்கள் எந்தச் சாய்தளத்துக்காக ஊரெல்லாம் அலைந்தோமோ அது எங்கள் வீட்டிலிருந்து இருநூறு அடியில் இருந்தது. நான் ஒரு நாளும் அதை அப்படிப் பார்த்ததில்லை. அந்த வண்டி சந்துக்குள் வந்தால் அவளை ஜன்னலிலிருந்து நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்துவேன்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "ஏறிருவோமா? மணி பத்தரை ஆயிட்டு."

"பொணம் போற வண்டியில எம்பிள்ளைய ஏத்த மாட்டேன்" என்றேன்.

"வேற வண்டி இல்லல்லா."

"உயிரோட இருக்கவள அதுல வச்சுத் தெருவழியா கொண்டுபோவேனா? நீங்க வேணா ஏறிக்கிடுங்க. அவ வர மாட்டா."

தாதாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகமே போதுமானதாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு, ஆம்புலன்ஸ் தேட ஆட்களை அனுப்பப் போனார். அப்போது எனக்குத் தீட்டு, அபசகுனம் என்ற பேச்செல்லாம் மனத்தில் இருந்தது நிஜம். அதைவிட இன்னொன்றும் இருந்தது. அந்த வண்டியில் அவளை ஏற்றினால், சீக்கிரம் வழி விடணும் என்று சொன்னவர்கள் எல்லாருக்கும் நான் சரி என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. நானே ஒரு நாள் கேட்டது அன்றைக்குக் கிடைத்துவிடும் என்று பயந்தேன்.

ஆம்புலன்ஸ் பன்னிரண்டேகாலுக்கு வந்தது. மடித்த போர்வைகளை முதுகுக்கு முட்டுக் கொடுத்து, படுக்கையில் அவளைப் பாதி சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். மூங்கில் தடுப்பு போட்ட ஒவ்வொரு தெரு முனையிலும் திருப்பி விட்டார்கள். புதுத் துணி உடுத்திய கூட்டம் ஜன்னலோரமாக நகர்ந்துகொண்டே இருந்தது. போய்ச் சேரும்போது ஒன்றே முக்கால். டாக்டர் பஞ்சை எடுத்துப் பார்த்தார். துளை இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது, அவ்வளவுதான். எப்போது வெளியே வந்தது என்று கேட்டார். பத்து மணிக்கு என்று என் கணவர் சொன்னார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். வண்டி கிடைக்கவில்லை என்று நான் சொன்னேன்.

அது பொய். என் கணவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

காலை மருந்து உள்ளே போகாததால் சாயங்காலம் வலிப்பு வந்தது. மறுநாள் ஆபரேஷன். மூச்சுக்காகப் போட்ட குழாயை எடுக்க முடியாமல் பதினோரு நாள் மெஷினில் இருந்தாள். வீட்டுக்கு வரும்போது ஆக்சிஜன் மெஷின் ஒன்றும் கூட வந்தது. அவள் சிரித்தாள், வாய் கோணிக்கொண்டு கண் சுருங்கி, அதே சிரிப்பு. சத்தம் மட்டும் வரவில்லை. குரல்வளை அடிபட்டிருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். இதுவரை வரவில்லை. என் கணவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் அவளுடைய முகத்தைத் துடைப்பதும் மெஷினைக் கழுவுவதுமாக இருந்தார். இவ்வளவு நல்ல மனிதரோடு இருப்பது சில நாள் மிகவும் கொடுமை.

அதன் பிறகு நுரையீரல் சிகிச்சைக்கு வாராவாரம் வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். வாரத்துக்கு ஒருமுறை அந்த வேனைக் கூப்பிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. இரண்டு வியாழன் தவறிப்போனது. மூன்றாவது வாரம் செவ்வாயன்று நான் மட்டும் கிளப்புக்குப் போனேன். நாலைந்து பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "தாதா, அந்த வண்டி..." என்றேன்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு பௌதி?" என்றார்.

டீசல் மட்டும் போட்டால் போதும் என்றார். ஒரே ஒரு விதி. தெருவில் யாராவது இறந்துவிட்டால் வண்டி முதலில் அவர்களுக்குத்தான். கிளப்பில் எல்லாரும் சேர்ந்து வைத்த விதி, அவரால் மாற்ற முடியாது. நான் சரி என்றேன்.

முதல் வியாழன் டிரைவர் வண்டியைக் கழுவி, உள்ளே கிடந்த பூவையெல்லாம் கூட்டிவிட்டிருந்தார். ஆனாலும் ஊதுவத்தி வாசனையும் ரஜனிகந்தா என்கிற சம்பங்கிப் பூ வாசனையும் தகரத்திலேயே ஊறியிருந்தது. நாற்காலி சாய்தளத்தில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. இரண்டு பக்கமும் கண்ணாடி என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்த என் மகளுக்குத் தெரு முழுக்கத் தெரிந்தது. மாதக்கணக்கில் ஒரு ஜன்னலையே பார்த்தவளுக்குக் கண் கொள்ளவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் வண்டியைப் பார்த்ததும் பழக்கத்தில் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டவர், உள்ளே அவள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். நான் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "உயிரோடதான் இருக்கா" என்றேன். தமிழில் சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்காது.

இப்படித்தான் எட்டு மாதமாகப் போய்வருகிறோம். மூன்று வியாழன் வண்டி கிடைக்கவில்லை. தெருவில் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்கு அத்துப்படி. காய்கறிக்காரரிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்வேன். அக்கறையாக விசாரிக்கிறாள் என்று எல்லாருக்கும் என்மேல் நல்ல பெயர். நான் விசாரித்தது வேறு காரணத்துக்கு. எதிர்வீட்டுப் பெரியம்மாவை இந்த ஊர் வழக்கப்படி மாஷிமா என்பேன். அவளுடைய கணவர் போன மாதம் படுக்கையில் விழுந்து, தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தார். அந்த வியாழன் என் மகளுக்குக் குழாய் மாற்றும் நாள். பழைய பலூன் தாங்காது, தவறவிடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று, அவரை வியாழன் மத்தியானம் வரை விட்டுவை என்று கேட்டேன். மத்தியானத்துக்கு மேல் என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். தெரிந்தேதான் கேட்டேன்.

வியாழன் விடியும்போது எதிர்வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது.

எட்டு மணிக்கு வண்டி அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. ஐஸ் பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். பத்து மணிக்கு எடுத்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். என் கணவர் வேனுக்குப் போன் செய்தார், கிடைக்கவில்லை. நான் மகளை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டையெல்லாம் மாட்டி, ஏன் மாட்டினேன் என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே போய்த் துக்கம் கேட்க வேண்டும். கால் எழவில்லை. வண்டிக்காக வந்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். நினைத்தால் தப்பில்லை, நான் அதற்காகத்தான் போவேன்.

ஒன்பது மணி சுமாருக்கு மாஷிமா தானே சந்தின் குறுக்கே நடந்து வந்தாள். தலை கலைந்திருந்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பின்னால் தாதாவும் வந்தார். மாஷிமா உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்று, "இன்னிக்கு வியாழக்கிழமை இல்லையா? பிள்ளையை முதல்ல கூட்டிட்டுப் போ" என்றாள்.

தாதா விதியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார்.

"அவருக்கு இனி எந்த டாக்டரும் டைம் குடுக்கப்போறதில்லை" என்றாள். "இவளுக்குத்தானே குடுத்திருக்காங்க."

நான் அவள் காலைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, துக்கத்துக்கு வந்து நின்றவர்கள் விலகி வழிவிட, சாய்தளத்தில் ஏறினேன். பதினொன்றுக்குக் குழாய் மாற்றினார்கள். டிரைவர் வரும்போது எங்கும் நிறுத்தாமல் வந்தார்.

திரும்பி வந்தபோது ஒன்றேகால். அதே ஆட்கள் அதே வெயிலில் நின்றிருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஐஸ் பெட்டி நடுக்கூடத்தில் இருந்தது, அதன்மேல் மாலைகள் வாட ஆரம்பித்திருந்தன. நான் மகளை இறக்கியதும் மாஷிமா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள்.

"குழாய் சரியாப் பொருந்திருச்சு மாஷிமா. எடை அரைக் கிலோ கூடியிருக்கு."

நல்லது என்று தலையசைத்தாள். பிறகு ஆட்களைத் திரும்பிப் பார்த்து, இனி அவரைத் தூக்கலாம் என்றாள்.